குடிக்காத தண்ணீர்

பனி நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால், ஜன்னல்களை இறுக அடைத்து வீட்டைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளே காற்று அப்பளமாய்க் காய்ந்து போகிறது. உதடு வெடிக்கிறது, குழந்தை இரவெல்லாம் வறட்டு இருமல் இருமுகிறது. அதற்காகவே காற்றை ஈரமாக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டிலருகே வைக்கிறார்கள். கூஜா அளவுதான் இருக்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றி விசையைத் தட்டினால் சாம்பிராணிப் புகை போல் கிளம்பும். பார்க்க அழகுதான், நானும் ரசித்திருக்கிறேன்.

ஆனால் அது ஆவி அல்ல. நம் வெந்நீர்த் தவலையில் ஆவி மேலே போய்விடும். உப்பு அடியில் வெள்ளையாய்ப் படிந்து தங்கிவிடும். கொதிக்க வைக்கும் இயந்திரங்களும் இல்லாமலில்லை. நான் சொல்வது அதிர்வு ரகம். உள்ளே ஒரு சிறு தகடு, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்ந்து, தண்ணீரைத் தண்ணீராகவே சிதறடிக்கிறது. ஆகவே அதில் உள்ள சுண்ணாம்பு, உப்பு, இருந்தால் ஈயம் எல்லாமே கூடக் கிளம்புகின்றன. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் 3 லிட்டர் ஓரிரவில் செலவானால், ஒரு கிராமுக்குச் சற்றே குறைந்த தூள் அறைக்குள் வந்து சேரும். காலையில் மேஜைமேல் விரலால் கோடு போடலாம். மேஜையில் படிந்தது போக மீதி எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை! தொட்டியைக் கழுவாமல் நாலு நாள் விட்டாலோ, வழுவழுவென்று பாசி பிடித்துக் கிருமிகளும் சவாரி கிளம்பிவிடும்.

தென்கொரியாவில் இந்தக் கிருமிகளுக்குத்தான் பயந்தார்கள். 1994 முதல், தொட்டித் தண்ணீரில் கலப்பதற்கென்றே ஒரு கிருமிநாசினி கடைகளில் விற்றது. மூச்சோடு உள்ளே போனால் அது என்ன செய்யும் என்று சரிவரச் சோதித்துப் பார்க்கவில்லை. 2011 வசந்தத்தில் சியோல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, கர்ப்பிணிகளும் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களும் அடுத்தடுத்து வந்தார்கள், நுரையீரல் கெட்டு, மூச்சு விட முடியாமல். தொற்று வியாதியோ என்று தேடினார்கள். கடைசியில் அகப்பட்டது கட்டிலருகே இருந்த கூஜா. அந்த வருஷ முடிவுக்குள் மருந்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் போன உயிர்கள் நூற்றுக்கணக்கில். அவற்றில் பச்சைக் குழந்தைகளும் உண்டு. மறதிக்காரத் தாயின் வீட்டில் ஆபத்துக் குறைவு. தினமும் தவறாமல் மூடியால் அளந்து ஊற்றினாளே, அவள் வீட்டில்தான் அதிகம். இதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா சொல்வது சிறிய காரியம்: உப்புக் குறைந்த, வாலையில் வடித்த தண்ணீரை ஊற்றுங்கள், தொட்டியைத் தினமும் காலி செய்து துடையுங்கள். காய்ச்சி ஆற்றிய தண்ணீர் போதாதா என்பீர்கள். போதாது. கிருமி சாகும்; உப்பு அப்படியே இருக்கும்.