ஒரு பகலும் ஒரு தாயும்



செம்மரம் வெட்டியதாகக் கூறி 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் எங்கள் ஜவ்வாது மலையினரும் உண்டு. தாய் ஒருத்தியே மீந்த வீடுகளை அதன்பின்தான் நான் கவனிக்கத் தொடங்கினேன்.

தம்பதியர் வீட்டில் ஒருவர் சாமைக் கொல்லைக்குச் சென்றால் மற்றவர் அடுப்பைப் பார்ப்பார். (இரண்டையும் மனைவியே பார்க்கும் வீடுகளும் உண்டு, என் வீடும் அதற்கு விலக்கன்று.) தனித்த தாய்க்கோ கொல்லை, தண்ணீர், ஜமுனாமரத்தூர்ப் பயணம், பிள்ளையின் காய்ச்சல் யாவும் ஒரே பகலுக்குள் அடங்கவேண்டும்.

சென்ற வாரம் அத்தகைய சகோதரி ஒருவரின் வீட்டில் நெடுநேரம் ஜெபித்தேன். கண் திறந்தபோது அவர் களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். சாறிபாத் விதவையையும் விறகு பொறுக்கும் வேளையில்தான் எலியா அழைத்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

இவ்வாரம் சுருக்கமாக ஜெபித்தேன். பின்பு, அவர் கொல்லையிலிருந்து திரும்பும்வரை நானும் என் மனைவியும் பிள்ளைகளோடு இருந்தோம்.