கல்லும் வில்லும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்றே விலகி, வயல்களுக்கிடையே எழும் பாறைக்குன்றில் அமைந்த மண்டகப்பட்டுக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து உள்ளே மண்டபமும் கருவறைகளும் ஆக்கிய கோயில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்ததாகும். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இன்றிப் பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இதனை அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. மரத்தை விலக்கியதாகப் பெருமை கொள்ளும் அக்கோயிலின் தூண்களை நெருங்கிப் பார்ப்பவருக்கு அவற்றின் உச்சியில் போதிகைகள் தெரியும். போதிகை என்பது மரக்கட்டடத்தில் உத்தரத்தின் பாரத்தைத் தூணுக்குக் கடத்தும் கை போன்ற உறுப்பு. தூணும் கூரையும் ஒரே பாறையாக உள்ள இடத்தில் அதற்குத் தனியே வேலை ஏதுமில்லை. ஆயினும் தச்சனின் இலக்கணத்தைச் சிற்பி கற்றுக்கொண்டு கல்லில் எழுதிவைத்தான் என்பதற்கு அதுவே சான்று.

இப்படி ஒன்றன் இலக்கணத்தை மற்றொன்று கற்பதுதான் இசையிலும் உறவை உண்டாக்குகிறது என்பதை, மண்டகப்பட்டிலிருந்து கிழக்கே புதுச்சேரிக்கும், அங்கிருந்து தெற்கே கடலூரை அடுத்துக் கெடிலக்கரையில் உள்ள திருவந்திபுரத்துக்கும் செல்லும் பயணி எண்ணிப்பார்க்க இடமுண்டு. திருவகீந்திரபுரம் என வைணவ நூல்கள் வழங்கும் அவ்வூர்க் கோயிலைச் சேர்ந்த தேவதாசியர் ஐவரையும் இசைக்கலைஞர் மூவரையும் தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் செய்து, 1838-இல் புதுச்சேரியிலிருந்து கப்பலில் அழைத்துச் சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பாரிஸிலும் அக்டோபரில் லண்டனிலும் அவர்கள் ஆடினார்கள். அவ்வைவருள் அம்மணி என்பவளுக்கு வயது 18. குழுவில் இளையவளோ 6 வயதுச் சிறுமி. பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அம்மணியை வியந்து எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். எனினும் அந்த வியப்பு பெரும்பாலும் கண்ணளவில் நின்றது. தாளத்தையோ பாட்டையோ அவர்களிடம் அமர்ந்து கற்கும் ஏற்பாடு எதுவும் அப்பயணத்தில் இல்லை. அரங்கு நிறைந்தது, திரை விழுந்தது, குழு அடுத்த நகருக்குப் புறப்பட்டது. அத்தனை இளம் வயதில் அத்தனை தொலைவு சென்றவர்களிடம் ஐரோப்பா இன்னும் எவ்வளவோ கேட்டிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்றும் எழுகிறது.

அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே சென்னை வட்டாரத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்திருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். நின்றபடி மோவாயின் கீழ் அழுத்திப்பிடித்த கருவியை, நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் சுருள்தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளைச் சட்ஜமும் பஞ்சமமுமாகச் சுருதி கூட்டி, விரலை இழைத்துக் கமகம், அதாவது சுரங்களுக்கிடையிலான அசைவு, பிறக்கும்படி வாசித்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேயப் பேண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து ‘நோட்டுசுரம்’ என்ற தனி வகையையே தந்தார். போதிகை கல்லுக்கு வந்தது போன்ற வரவு இது.

இன்று நாடுவிட்டு நாடு செல்லும் இளையோர் ஆர்க்கெஸ்ட்ராக்கள், அதாவது தந்தி, காற்று, தாள வாத்தியங்கள் ஒரு நடத்துநரின் கையசைவுக்கு இசையும் பெருங்குழுக்கள், இந்த இரண்டாவது வழியையே பின்பற்றுகின்றன. டேனியல் பேரன்பாய்மும் எட்வர்ட் சைதும் 1999-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய மேற்கு-கிழக்கு திவான் ஆர்க்கெஸ்ட்ரா, அரபு இளைஞரையும் இஸ்ரேலிய இளைஞரையும் ஒரே குழுவில் அமர்த்தியது. 2005-இல் அது பாலஸ்தீனத்தின் ரமல்லாவில் வாசித்தது. சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் கே. எம். இசைக் கல்லூரியைச் சார்ந்த சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதியற்ற குடும்பத்துச் சிறார்க்குக் கட்டணமின்றி மேற்கத்திய வாத்தியப் பயிற்சி அளித்துவருகிறது.

இத்தகைய குழுக்களில் வயலின் வாசிப்போர் இருவருக்கு ஓர் இசைத்தாள் தாங்கி என்று அமர்வது வழக்கம். ஒரே வரியை வாசிக்கும் அத்தனை வில்களும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்க வேண்டுமாகையால், எந்தச் சுரத்துக்கு வில் மேலே, எந்தச் சுரத்துக்குக் கீழே என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்கள். மொழி தெரியாத இருவர் அந்தக் குறியீட்டில் ஒப்புக்கொண்டாக வேண்டும். பக்கத்தின் இறுதி வரி வந்ததும் அவையோருக்கு அப்பால் உட்புறம் இருப்பவர் தம் வில்லை நிறுத்திக் கை நீட்டித் தாளைப் புரட்டுகிறார். அந்த ஓரிரு நொடிகளுக்கு இருவர் பாகத்தையும் பக்கத்திலிருப்பவர் தனியே வாசிக்கிறார்.