பேர் யாருக்கு?

கொடகவெலப் பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். ஒருநாள் திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய ‘உழவு’ பற்றிப் பேசுகையில், உழவனையே புனிதனாகக் கொண்டாடும் மரபும் உலகில் உண்டென்று கூறி, ஸ்பெயின் நாட்டுப் புனித இசிதோரின் கதையைச் சொன்னேன்.

இசிதோர் 12ஆம் நூற்றாண்டில் மத்ரித்தில் வாழ்ந்து மறைந்தவர். வர்காஸ் என்னும் நிலக்கிழாரின் வயலைக் கூலிக்கு உழுதவர். விடியலில் பூசை கண்ட பின்னரே ஏர் பூட்டுவார். ‘இவன் வேலைக்குப் பிந்தி வருகிறான்’ என்று உடன் உழைப்போரே எசமானிடம் கோள் மூட்டினர். மறைந்திருந்து பார்த்த எசமான் கண்டதோ, இசிதோரின் ஏருக்கு இருபுறமும் சம்மனசுகள் வெள்ளை எருதுகளைப் பூட்டி உழும் காட்சி! அன்றுமுதல் அவர் இசிதோரை மதித்தார் என்பது ஐதிகம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சேர், சம்மனசுகள் உழுத வேலைக்குப் பேர் யாருக்கு விழுந்தது?”

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாட் சம்பளம். நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர். காலைமுதல் மாலைவரை மலையில் நின்றவளின் நாளில் பாதியைத் தராசு விழுங்கிவிடும். என் தாயும் அரைப்பேர் வாங்கியவளே. என்னைப் பட்டதாரியாக்கியது அந்தக் காசு. அவள் மகனாகிய நானோ, எசமானின் கண்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தேன்!

மூன்று ஏர் உழுதது. கூலி ஓர் ஏருக்கே. எசமானை இணங்கவைத்தது உழைப்பாளியின் உரிமையன்று, மும்மடங்கு வேலையே. கோள் மூட்டியவரும் கூலிக்காரரே என்பது நம் தோட்டங்களுக்கும் புதிதன்று.

1622 மார்ச் 12இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாளில் அப்பட்டம் பெற்றவர்கள் இஞ்ஞாசியார், தமிழ்க் கடற்கரை அறிந்த சவேரியார், தெரேசம்மாள், பிலிப்பு நேரியார். கற்றோரும் மடங்களின் தலைவருமாகிய அந்நால்வரிடையே கலப்பை பிடித்தவர் இசிதோர் ஒருவரே. ஸ்பானிய அரசவையும் அதற்காக முயன்றது. உழவனுக்குப் பட்டம் வழங்க அரசர்க்கு மனம் வந்தது. நிலம் வழங்கும் எண்ணம் மட்டும் எழவில்லை.

ஆயினும் அக்கதைகளை இகழ எனக்கு மனமில்லை. பனிக்காலத்தில் பசித்த பறவைகளுக்குத் தானியம் இறைத்த பின்னும் அவர் மூட்டை குறையவில்லையாம். ஏழைகளுக்கு வழங்கிய பின்னும் உலைப்பானை வெறுமையாகவில்லையாம். பகிர்ந்தால் குறையாது என்பது பசியறிந்த மக்களின் கனவு. அது எசமானின் கதையன்று; நம் கதை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாக்காளர். ஆனால் குடியிருக்கும் லயத்தின் மண் பலருக்கு இன்னும் சொந்தமில்லை.

மறுநாள் அம்மாணவிக்கு விடை சொன்னேன்: “பேர் ஒருவருக்கும் விழவில்லை, மகள். விளைச்சல் எசமானுக்குச் சேர்ந்தது.”

“அப்படியென்றால் கணக்கு இன்னும் தீரவில்லை, சேர்,” என்றாள்.

ஆம், தீரவில்லை. நம் மலைகளில் சம்மனசுகள் இறங்குவதில்லை. கோள் சொல்லாது ஒருவர் பக்கம் ஒருவர் நின்றால், அக்கணக்கை நாமே தீர்த்துக்கொள்ளலாம்.