மேலே டி, கீழே சி7

இன்னைக்கு சங்கீதமும் கணக்கும் கலந்த பதிவுங்க.

மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் என் இடது சுண்டுவிரல் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல் மட்டும் மடங்குவதில்லை. கிதாரில் கார்டு பிடிப்பது இடதுகைதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஆசையாகக் கற்றுக்கொண்ட வாத்தியம். ஜாஸ் என்றாலே ஐந்தாறு சுரம் சேர்ந்த பெரிய கார்டுகள். நாலு விரலும் நீள வேண்டும். இத்தோடு சரி என்று கிதாரை உறைக்குள் வைத்துவிட்டேன்.

காந்திபுரம் பக்கம் கீபோர்டு வாசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர்தான் வழி சொன்னார். "ஏனுங் சார், எல்லாத்தையும் நீங்களே எதுக்குப் புடிக்கோணும்? அடியை நான் பாத்துக்கறனுங்க. மேல மட்டும் நீங்க புடிங்க." ஒரு தாளில் எழுதியும் காட்டினார்: மேலே டி, நடுவில் ஒரு கோடு, கீழே சி7. 31 வருஷம் பின்னம் சொல்லிக்கொடுத்தவனுக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்?

இதை 'அப்பர் ஸ்ட்ரக்சர் ட்ரையட்' என்கிறார்கள். அடியில் சி, இ, பி ஃப்ளாட். அதன் மேல் டி மேஜர்: டி, எஃப் ஷார்ப், ஏ. கிதார் தொட்டவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கும் கார்டு. மூன்று விரல் போதும். தனியாக வாசித்தால் வெறும் டி. சி7-க்கு மேல் வைத்தால் அதே மூன்றும் 9, ஷார்ப் 11, 13 ஆகிவிடுகின்றன. தொகுதி அப்படியே இருக்க, பகுதி மாறினால் மதிப்பு மாறுகிறதல்லவா, அதே சங்கதிதான்.

நம் வழியில் சொன்னால், சி-யை ஷட்ஜமாக வையுங்கள். கீழே ஷட்ஜம், அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம். மேலே சதுஸ்ருதி ரிஷபம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம். பஞ்சமத்தையும் சேர்த்தால் 64-ஆவது மேளகர்த்தா, வாசஸ்பதி! நாம் ஒவ்வொன்றாகப் பாடுவதை அவர்கள் ஒரே நேரத்தில் அடுக்குகிறார்கள்.

அதே பிடியை ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் இ ஃப்ளாட் மேஜர். கீழே அந்தர காந்தாரம் நிற்க, மேலே சாதாரண காந்தாரம் வந்து உரசும். அந்த உரசலில்தான் ப்ளூஸ் வாசனை இருக்கிறது.

1928-இல் வண்டி தீப்பிடித்து இடதுகையில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாங்கோ ரைன்ஹார்ட் ஐரோப்பிய ஜாஸின் பெரிய பெயராக ஆனார். அவரோடு என்னை ஒப்பிடவில்லைங்க. எனக்கு முடங்கியது ஒன்றுதானே என்று கழித்துப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உண்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தால் வெறும் டி-தான் கேட்கும். இன்னொருவர் அடியில் தாங்காமல் அந்தக் கார்டு இல்லை. வகுப்பில் இத்தனை வருஷம் தனியாளாக நின்று பழகியவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வந்து சி7 பிடிக்கட்டும் என்று காத்திருப்பது புதுசு. பிடித்துத்தான் இருக்கிறது.