மூன்றாவது பத்தி

ஜூன் 9
மண்டபத்துக்காரர் இன்றும் போனை எடுக்கவில்லை. அட்வான்ஸ் 80,000. கல்யாணம் நின்றுவிட்டதை ஐந்து மாதம் முன்பே சொல்லியும் திருப்பித் தரமாட்டாராம். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நாமே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. போடப்போகிறேன்.

ஜூன் 23
மனு எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் ‘நிச்சயிக்கப்பட்ட திருமணம் தவிர்க்க இயலாத காரணத்தால்’ என்பதோடு நிற்கிறேன். என்ன காரணம் என்று பாப்பா என்னிடமே சொல்லவில்லை. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

ஜூன் 24
அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4
மனு திரும்பி வந்துவிட்டது. பக்க எண் இல்லையாம். கிளார்க் கோணி ஊசியை எடுத்து, இடது ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டு, நூல் கோத்துக் காட்டினார். “இப்படித் தைச்சுக் கொண்டாங்கம்மா.”

ஆகஸ்ட் 19
மனுவுக்கு நம்பர் விழுந்தது.

செப்டம்பர் 4
அந்த முகூர்த்த நாள். மண்டப வாசலில் வேறு யார் பெயரோ போட்ட ஃப்ளெக்ஸ். அவருக்கு நஷ்டமே இல்லை என்பதற்குச் சாட்சி. போனில் படம் எடுத்துக்கொண்டேன். பூக்காரம்மா கேட்டார்: “பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

நவம்பர் 12
மண்டபத்து வக்கீல் பதிலுரைக்கு மறுபடியும் வாய்தா கேட்டார். எழுந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. நோட்டீஸ் கிடைத்து 30 நாள், ஆணையம் மனசு வைத்தால் மேலும் 15. அதற்குமேல் கொடுக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. எழுதி வைத்திருந்ததை ஒரே மூச்சில் படித்தேன். தலைவர் கட்டைப் புரட்டி ஒப்புகை அட்டையில் தேதி பார்த்தார். பதிலுரை இனி கிடையாது என்றார்.

வக்கீல் விடவில்லை. “கல்யாணம் ஏன் நின்றது என்றே மனுவில் இல்லையே ஐயா.”

“அது மண்டபத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

ராத்திரி பாப்பாவிடம் சொன்னேன். “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றாள்.

டிசம்பர் 3
நிரூபண வாக்குமூலத்தைப் பாப்பாவே டைப் அடித்துத் தந்தாள். மூன்றாவது பத்தியில் ‘தவிர்க்க இயலாத காரணத்தால்’ இல்லை. ‘மணமகள் மறுத்துவிட்டதால்’ என்று இருக்கிறது.

மனுவில் ஒன்று, வாக்குமூலத்தில் ஒன்று என்றால் வக்கீல் பிடித்துக்கொள்வார். அவளிடம் எப்படிச் சொல்ல?

டிசம்பர் 5
இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாய்தா பதினொன்றாம் தேதி.