மாமாவும் ஆக்சிஜன் சிலிண்டரும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் டாக்டர் இல்லை. பி.காம் படிக்கிறவன். டெபிட், கிரெடிட் தெரியும், அவ்வளவுதான். ஆனா ரெண்டு வருஷமா எங்க மாமா வீட்டு ஆக்சிஜன் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அந்தத் தகுதியில் எழுதறேன் :)

தலைவலின்னா நம்மூர்ல ரெண்டு வகைதான். சாதா தலைவலி, ஒத்தைத் தலைவலி. மாமாவுக்கு வந்தது ரெண்டும் இல்லை. இடது கண்ணுக்குப் பின்னாடி கம்பியைக் காய்ச்சி சொருகற மாதிரின்னு சொல்வார். அந்தக் கண்ணு மட்டும் சிவந்து தண்ணி கொட்டும். அந்தப் பக்க மூக்கு மட்டும் ஒழுகும், இமை பாதி தொங்கிடும். மைக்ரேன்காரங்க விளக்கை அணைச்சிட்டு அசையாம படுத்துக்குவாங்க. மாமாவால உட்காரக்கூட முடியாது. மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்குமா நடப்பார், சுவத்துல தலையை முட்டுவார். முக்கால் மணி நேரம். அப்புறம் சுவிட்ச் அணைச்ச மாதிரி நின்னுடும். ராத்திரி ஒரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. இப்படியே ஆறு வாரம். அதுக்கப்புறம் மாசக்கணக்கா ஒண்ணுமே இருக்காது, மனுஷன் ஜம்முன்னு கம்பெனிக்குப் போவார்.

இதுக்குப் பேரு கிளஸ்டர் தலைவலி. சுமார் ஆயிரத்துல ஒருத்தருக்கு வருது. கொத்துக் கொத்தா வர்றதால அந்தப் பேரு. ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷத்துல இருந்து 3 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம், ஒரே நாள்ல எட்டு தடவை கூட வரலாம். பலருக்குக் கடிகாரம் வச்ச மாதிரி அதே நேரத்துக்கு வரும். மூளைக்குள்ள நம்ம தூக்கம், விழிப்பு எல்லாத்தையும் பார்த்துக்கற ஹைப்போதலாமஸ்ங்கற பகுதிக்கு இதுல பங்கு இருக்குன்னு 1998-ல் ஸ்கேன் பண்ணிப் பார்த்தவங்க சொன்னாங்க.

இந்தப் பேரு தெரியவே மூணு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு கடைவாய்ப் பல் போச்சு. சைனஸ் மாத்திரை, புதுக் கண்ணாடி, மந்திரிச்ச கயிறு எல்லாம் ஆச்சு. மாமா நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட், அதனால "தூக்கம் கெட்டா தலை வலிக்கத்தானே செய்யும்"னு சொல்லாத ஆள் இல்லை. கடைசியா கோயமுத்தூர்ல ஒரு நரம்பு டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "வலி வந்தா படுத்துக்குவீங்களா, நடப்பீங்களா?" அத்தை, "நடக்கறதாவது, ஓடுறாருங்க"ன்னாங்க. முடிஞ்சது.

டாக்டர் சீட்டுல மாத்திரையோட ஆக்சிஜனும் எழுதியிருந்தார். மாமாவுக்கு நம்பிக்கையே வரலை. "ஏன் மாப்ள, காத்தை மோந்தா வலி போகுமா?"ன்னார். எனக்கும் அதே சந்தேகம்தான், உட்கார்ந்து தேடினேன். அமெரிக்காவுல பேயார்ட் ஹார்ட்டன்ங்கற டாக்டர் 1950-கள்லயே இதைக் கொடுத்துப் பார்த்திருக்கார். 1981-ல் லீ குட்ரோங்கறவர் 52 பேருக்குக் கொடுத்தார். நிமிஷத்துக்கு 7 லிட்டர், 15 நிமிஷம். நாலுல மூணு பேருக்கு வலி அடங்குச்சு. அவருக்கே இந்தத் தலைவலி உண்டு. (ஃப்ரெண்ட்ஸ் சீரியல்ல ஃபீபியா வர்ற லிசா குட்ரோ இவர் பொண்ணுதான். நடிக்கறதுக்கு முன்னாடி அப்பாவோட தலைவலி ஆராய்ச்சியில் வேலை பார்த்திருக்காங்க. இதைச் சொன்னா என் கிளாஸ்ல யாரும் நம்பலை.) 2009-ல் லண்டன்ல 12 லிட்டர் கணக்குல சோதிச்சாங்க. முகமூடியில் நிஜ ஆக்சிஜன் வந்தப்ப 78 சதவீதமும் சாதா காத்து வந்தப்ப 20 சதவீதமும் 15 நிமிஷத்துல நிவாரணம். எது வருதுன்னு நோயாளிக்குத் தெரியாது. அதனால இது மனப்பிராந்தி இல்லை.

மாத்திரை விழுங்கி அது வேலை செய்யறதுக்குள்ள வலியே முடிஞ்சிடும், அதான் காத்து. சுமாட்ரிப்டான் ஊசி சீக்கிரம் கேட்கும். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல போடக்கூடாது, இதய நோய் இருந்தா தொடவே கூடாது. ஆக்சிஜனுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆனா நுரையீரல் கெட்டுப் போனவங்களுக்கு இவ்வளவு ஆக்சிஜன் ஆபத்தாகலாம். பஞ்சு தூசியிலயே வேலை செஞ்ச ஊர் இது, பீடி வேற. மாமாவுக்கு முதல்ல நுரையீரலைச் சோதிச்சிட்டுத்தான் சீட்டே எழுதினாங்க.

கடையில் சிலிண்டரோட மூக்குல சொருகற சின்னக் குழாயைக் கொடுத்தாங்க. அது இதுக்கு உதவாது. பை தொங்கற முகமூடி வேணும், முகத்தோட ஒட்டி இருக்கணும், வெளிக்காத்து கலக்கக்கூடாது. கொரோனா சமயத்துல நிறைய வீட்டுல வாங்கின 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டரும் பத்தாது.

இப்ப என் சப்ஜெக்ட். 12 லிட்டர், 15 நிமிஷம், ஆக ஒரு வலிக்கு 180 லிட்டர். சின்ன சிலிண்டர்ல 1500 லிட்டர், எட்டு வலிக்கு வரும். ராத்திரி ரெண்டுன்னா நாலே நாள். பெருசுல 7000 லிட்டர், 38 வலி. ஆனா அது மாடிப்படி ஏறாது. சின்னதுல மீட்டர் 150 காட்டினா ஃபுல், ஒரு வலிக்கு 18 இறங்கும். 36-க்குக் கீழே போனா மறுநாள் காலைல மாத்தியாகணும், இல்லைன்னா ராத்திரி ரெண்டாவது வலிக்குப் பாதியில் நின்னுடும். சுவத்துல காலண்டர் பக்கத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கேன், அத்தை எழுதிடுவாங்க.

விலைதான் வேடிக்கை. 2020 செப்டம்பர்ல மத்திய அரசு சிலிண்டர் ஆக்சிஜனுக்கு உச்சவரம்பு வச்சது. ஒரு கன மீட்டர் 25 ரூபாய் 71 பைசா, ஜிஎஸ்டி தனி. அந்த விலைக்கு ஒரு வலியை நிறுத்தற காத்து அஞ்சு ரூபாய் கூட இல்லை. நம்ம கையை விட்டுப் போறது டெபாசிட்டும் வாடகையும் ஆட்டோவும்தான்.

பயம் வேற இடத்துல. கீழ் போர்ஷன்ல பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் பண்றாங்க. கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா கிடக்கும். ஆக்சிஜன் தானா எரியாது, ஆனா பத்தின நெருப்பை மூர்க்கமாக்கிடும். எண்ணெய் இன்னும் மோசம். வால்வுல எண்ணெய்ப் பிசுக்கு பட்டா அந்த அழுத்தத்துல பத்திக்கலாம். மிஷின் ஆயில் கையோட சிலிண்டரைத் தொடக்கூடாதுன்னு வீட்டுச் சட்டம். நட்டு இறுகலைன்னு ரெண்டு சொட்டு ஆயில் விட வந்த பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணனை அத்தை விரட்டின விரட்டு இருக்கே! பீடிக்கும் தெருமுனைதான்.

2021 மே மாசத்தைப் பார்த்த ஜனங்களுக்கு சிலிண்டர்னாலே திக்குனு ஆயிடும். முதல் நாள் ஆட்டோவுல இறக்கினப்ப பாதித் தெரு வாசல்ல வந்து நின்னுச்சு. "யாருக்குங்க மூச்சு முட்டுது?" தலைவலிக்குன்னு சொன்னா சிரிக்கறாங்க. மாமாவுக்கு அதான் வலியை விட ரோஷம்.

முதல் ராத்திரி ஒரு மணிக்கு வலி வந்ததும் முகமூடியை மாட்டி முன்னால குனிஞ்சு உட்கார்ந்தார். நான் செல்போன்ல நேரம் பார்த்தேன். எட்டாவது நிமிஷம் முட்டியில் அடிக்கறதை நிறுத்தினார். பதினோராவது நிமிஷம் அத்தைகிட்ட தண்ணி கேட்டார். அத்தை அழுதுட்டாங்க.

எல்லா வலிக்கும் இப்படி இல்லை. ஆறுல ஒண்ணு இருபது நிமிஷம் போயும் அடங்காது.

இப்ப வலி இல்லாத காலம். சும்மா நிக்கற சிலிண்டருக்கு ஏன் வாடகைன்னு மாமா திருப்பிக் கொடுக்கச் சொல்றார், கணக்குப்படி அவர் சொல்றது சரி. அத்தை விடமாட்டேங்கறாங்க. போன தடவை ஆரம்பிச்சது ஞாயித்துக்கிழமை ராத்திரி, கடை லீவு. பீரோ பக்கத்துல சங்கிலி போட்டு நிக்குது, மீட்டர் 150.