மூன்று ரவையும் ஒரு குண்டும்

பெரிய ஈயக் குண்டு ஒன்று. அதன்மேல் சிறு குண்டுகள் மூன்று, அடுப்புக் கற்களைப் போல ஒன்றையொன்று பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. பெரியதன் விட்டம் 0.65 அங்குலம். சிறியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.31. அவை போக வேண்டிய துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 0.69 அங்குலம். மூன்று ரவைகளையும் ஒட்டவைத்துச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டால் 0.67 வருகிறது. குழலுக்குள் சரியாக இறங்கிவிடும். அதே அடுக்கில் நான்காவது ரவைக்கு இடமில்லை.

'பக் அண்ட் பால்' என்று அமெரிக்கர்கள் சொல்லும் தோட்டா இது. மான் வேட்டைக்கான ரவையும் போருக்கான குண்டும் ஒரே தாளுக்குள் சேர்ந்தவை. 1777 அக்டோபரில் ஜார்ஜ் வாஷிங்டன், இனிச் செய்யும் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் ரவை சேர்க்க வேண்டும் என்று தன் படைக்கு ஆணையிட்டார். அதன்பின் உள்நாட்டுப் போர் வரை, ஏறக்குறைய 90 ஆண்டுகள், அமெரிக்கச் சிப்பாயின் தோல்பெட்டியில் இது இருந்தது. இதைக் கையால் செய்பவர்களைப் பார்க்கத்தான் நான் பென்சில்வேனியா போனேன்.

மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சுடுதளம். அங்கே எனக்குச் செய்துகாட்டியவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கணவர் சுடுகிறார், தோட்டா செய்வது அந்த அம்மாதான். துப்பாக்கி, ஸ்பிரிங்ஃபீல்டு 1842. ரைஃபிளுக்குள் இருக்கும் மரை இதன் குழலுக்குள் கிடையாது, வழவழவென்று இருக்கும். வாய்ப்பக்கமாகத்தான் மருந்து கெட்டிக்க வேண்டும்.

அம்மாவின் மேசையில் சரிவக வடிவில் வெட்டிய தாள்கள், விரல் தடிமனில் ஒரு மரக்கோல், நூல்கண்டு, ஈயம். கருமருந்து அந்த மேசைக்கு வருவதே இல்லை. தாளும் ஈயமும் ஓரிடம், மருந்து வேறிடம். கோலில் தாளைச் சுற்றிக் குழாயாக்குகிறார். நுனியை நூலால் சுருக்குப் போட்டு அடைக்கிறார். கோலை உருவி, குழாய்க்குள் முதலில் மூன்று ரவைகளைப் போட்டு, அவை ஒரே தளத்தில் படியும்வரை மெல்லத் தட்டுகிறார். அதன்மேல் பெரிய குண்டு. ரவைக்கும் குண்டுக்கும் நடுவே நூலால் ஒரு கட்டு, குண்டின் பின்புறம் இன்னொரு கட்டு. மருந்து சேர வேண்டியது அதற்குப் பின்னால் மிஞ்சும் வெற்றுத் தாளில்.

"கட்டு தளர்ந்தால் பெட்டிக்குள்ளேயே ரவை உதிர்ந்துவிடும், இறுக்கினால் தாள் கிழியும். எவ்வளவு இழுக்கலாம் என்று கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் சொல்லும்" என்றார். சொல்லும்போதும் அவர் பார்வை என்மேல்தான் இருந்தது. விரல்கள் தம் பாட்டுக்கு அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தன. நானும் ஒன்று சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ரவைகளை ஒரே தளத்தில் படியவைப்பதுதான் கடினம்; ஒன்று எப்போதும் மற்ற இரண்டின் மேலேறி நிற்கிறது.

பன்னிரண்டு ரவைகளை மும்மூன்றாக நான்கு அடுக்கில் வைத்து, பெரிய குண்டே இல்லாமல் செய்யும் தோட்டாவும் அந்தக் காலத்து அமெரிக்கப் படையில் இருந்தது. காவல் நிற்பவர்களுக்கு அது ஏற்றது.

பத்துத் தோட்டாக்களையும், மருந்தைப் பற்றவைக்கும் பன்னிரண்டு கேப்புகளையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் களத்துக்கு அனுப்பினார்கள். அவசரத்தில் கேப் கைநழுவி விழும் என்பதால் இரண்டு கூடுதல். இப்படி நாலு பொட்டலம், 40 தோட்டா, ஒரு சிப்பாயின் பெட்டிக்குள். தோட்டாத் தாளைப் பல்லால் கிழிக்க வேண்டும் என்பதால் படையில் சேர வருபவனின் முன்பற்களைப் பார்த்தார்கள்.

சுடுதளத்துக் கணவர் பல்லால் கிழிப்பதில்லை, தாளைக் கையாலேயே பிரிக்கிறார். அந்தக் காலத்துப் படையின் அளவு 110 கிரெயின், அதாவது ஏழு கிராம் மருந்து. 170 வயது தாண்டிய குழல் என்பதால் தான் வெகுவாகக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். ரவை சேர்வதால் ஈயத்தின் எடை கூடுகிறது. குண்டு மட்டும் ஏறத்தாழ 27 கிராம், மூன்று ரவையும் சேர்ந்தால் 35. எடை கூடும்போது குழலுக்குள் அழுத்தமும் கூடும். அதனால் 'ஈயம் கூடினால் மருந்தையும் கூட்டு' என்று கணக்குப் போடுபவரைத் தன் பக்கத்தில் நின்று சுட விடுவதில்லை என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கண்டிப்பாக மாறியது.

மருந்தை முதலில் கொட்டி, மீதியைத் தாளோடு குழல்வாயில் வைத்து, கம்பியால் அடிவரை தள்ளினார். கம்பியில் இரண்டு கோடுகள் கீறியிருக்கின்றன. ஒன்று வெறும் குழலுக்கு, மற்றது சரியாகக் கெட்டித்த குழலுக்கு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். கெட்டித்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்தாலும் கம்பியை இறக்கிக் கோட்டைப் பார்ப்பார். சுட்டதும் வெள்ளைப் புகை எங்களுக்கும் இலக்குக்கும் நடுவே நின்றது. கந்தகம் மூக்கில் ஏறியது. 25 கஜத்தில் இருந்த தாளில் நான்கு துளைகளும் விரித்த கையகலத்துக்குள் இருந்தன. 50 கஜத்தில் பெரிய குண்டு பட்டது, ஒரு ரவையைக் காணோம். 100 கஜத்துக்கு அப்பால் இந்தத் துப்பாக்கியை நம்பி யாரும் குறி பார்ப்பதில்லை.

அந்தக் கம்பிக் கோட்டின் அருமை கெட்டிஸ்பர்க்கில் எனக்கு விளங்கியது. 1863-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அந்தக் களத்தில் பொறுக்கியெடுத்த துப்பாக்கிகளைப் பற்றி அப்போதே ஒரு கணக்கு வெளிவந்தது. மொத்தம் 27,574. அவற்றில் சுமார் 24,000 சுடாமலே கெட்டித்த நிலையில் கிடந்தன. அதிலும் பாதியில் இரண்டு தோட்டாக்கள், கால்வாசியில் மூன்று முதல் பத்துவரை. ஒன்றில் 23. சுற்றிலும் இரைச்சல், கேப் வெடித்ததா என்றே தெரியாத பையன்கள், ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அதே களத்தில் தெரிந்தே திணித்தவர்களும் உண்டு. 12-ஆம் நியூ ஜெர்சி படைப்பிரிவின் நினைவுக்கல் அங்கே நிற்கிறது. கல்லின் உச்சியில் ஒரு குண்டும் அதன்மேல் மூன்று ரவையும் செதுக்கியிருக்கிறார்கள். ஜூலை 3 அன்று தெற்குத் தரப்புத் தளபதி பிக்கெட்டின் தாக்குதலுக்குக் காத்திருந்தபோது, அந்தப் படையினர் தங்கள் தோட்டாக்களைப் பிரித்து, ரவைகளை மட்டும் பொறுக்கி, ஒரு கெட்டிப்புக்குப் பத்து முதல் இருபத்தைந்துவரை சேர்த்துக்கொண்டார்கள். எதிரிகள் மிகக் கிட்டே வரும்வரை காத்திருந்து சுட்டார்கள். கல்லின் முன் நின்றபோது எனக்கு அந்த அம்மாவின் முடிச்சுகள்தான் நினைவில் இருந்தன. யாரோ ஒரு பெண் போட்ட முடிச்சை அவிழ்த்துத்தானே அந்த ரவையை எடுத்திருப்பார்கள்!

'யாரோ ஒரு பெண்' என்பது என் ஊகமன்று. அந்தப் போரின் தோட்டாக்களைச் சுற்றியவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் பதின்வயதுப் பெண்கள். பிட்ஸ்பர்க்கின் லாரன்ஸ்வில் பகுதியில் இருந்த ஆலெகெனி ஆயுதசாலையில் முன்பு சிறுவர்களை வைத்திருந்தார்கள். அவர்கள் தீக்குச்சியும் புகையுமாகத் திரிந்ததால் 1861-இல் நீக்கிவிட்டுப் பெண்களை எடுத்தார்கள். விரல் சிறியது, கவனம் அதிகம், கூலி குறைவு. பலர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைகள்.

1862 செப்டம்பர் 17. மேரிலாந்தின் ஆன்டீட்டம் களத்தில் அன்று காலை வடக்குத் தரப்பின் ஐரிஷ் பிரிகேட் முன்னேறியது. அதன் தளபதி தாமஸ் ஃபிரான்சிஸ் மேகர், கிட்ட நெருங்கிச் சுடுவதையே நம்பியவர். மரையில்லாத துப்பாக்கியும் இந்த நாலு குண்டுத் தோட்டாவும்தான் வேண்டுமென்று வைத்திருந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அவருடைய ஆட்கள் அங்கே மாண்டார்கள் அல்லது காயமுற்றார்கள். அதே நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் ஆலெகெனியில் தோட்டாக் கூடம் வெடித்தது. 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். வளையம் வைத்த அகலப் பாவாடையில் தீப்பற்றியதால் பலரால் ஓட முடியவில்லை. யார் எவர் என்று அடையாளம் சொல்ல முடியாதவர்களை ஆலெகெனி கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் புதைத்தார்கள்.

ஆயுதசாலைப் பாதையில் புதிதாகக் கருங்கல் பாவியிருந்தார்கள். பீப்பாயிலிருந்து சிந்திய மருந்து கல்லிடுக்கில் படிந்திருந்தது. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையோ குதிரை லாடமோ உரசிப் பொறி பறந்தது என்பதுதான் சாட்சிகளிலிருந்து எழுந்த வலுவான ஊகம். மரண விசாரணைக் குழு, பொறுப்பிலிருந்த கர்னல் ஜான் சிமிங்டனும் அவருக்குக் கீழிருந்தவர்களும் அலட்சியமாக இருந்தார்கள் என்றது. ராணுவ விசாரணை அவரை விடுவித்தது.

வெடியுப்பு, கந்தகம், கரி. சிவகாசிப் பக்கத்தை அறிந்த எவருக்கும் இந்த வரிசையில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆலெகெனியைத் தெரியாது. இப்போது இரண்டும் தனித்தனியாக நினைவுக்கு வருவதில்லை. நடுவே 150 ஆண்டு இருந்தும், கல் தரை, உராய்வு, சிந்திய மருந்து, குறைந்த கூலிக்கு வேகமாக ஓட வேண்டிய விரல் என்று பேச்சு அதே இடத்துக்குத்தான் வருகிறது. அதை நினைக்கையில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சுடுதளத்து அம்மா பார்வையாளர்கள் முன்னால் தோட்டா சுற்றும்போதெல்லாம் ஆலெகெனியைப் பற்றிச் சொல்கிறார். "எந்தப் படைப்பிரிவு, எந்தத் தளபதி என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதைச் செய்தது யார் என்று கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்" என்றார். 1864 ஜூன் 17-இல் தலைநகர் வாஷிங்டன் ஆயுதசாலையில் இதே போன்ற வெடிப்பில் 21 பெண்கள் இறந்ததையும், அவர்கள் இறுதி ஊர்வலத்தில் லிங்கன் கலந்துகொண்டதையும் அவர் சொல்லித்தான் கேட்டேன்.

கெட்டிஸ்பர்க்குக்குப் போகும் நம்மவர்கள் நிறைய. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அதைவிட நிறைய. கோயிலிலிருந்து லாரன்ஸ்வில் தூரமில்லை. 40-ஆம் தெருவில் ஆர்சனல் பூங்காவுக்குள் பழைய மருந்துக் கிடங்கு இன்னும் நிற்கிறது. அங்கிருந்து பட்லர் தெரு வழியாகச் சற்று நேரம் நடந்தால் கல்லறைத் தோட்டத்தின் வாசல். உள்ளே 1928-இல் வைத்த நினைவுக்கல்லில் அந்தப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை நின்று படிக்க அதிக நேரம் ஆகாது.